டெனான் 3800 ரிசீவர்: வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கேள்வி: மொட்டைமாடி

ஹோம் தியேட்டருக்கு டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800ஹெச் ரிசீவர் (டிவி, பிளேயர் ஒலியை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பெருக்கித் தரும் பெட்டி) வாங்கலாமா என்று யோசனை. கடையில் கேட்டால் எல்லாமே சூப்பர் என்கிறார்கள். வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

அறை 4.5 மீட்டர் நீளம், 3.6 அகலம், 2.9 உயரம். டிவி சுவரிலிருந்து இருக்கை 3.1 மீட்டர். முன்னால் 6 ஓம், 88 டெசிபல் டவர் ஜோடி. டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் சென்டர் (வசனம் வரும் நடு ஸ்பீக்கர்). சரவுண்டுக்கு புக்‌ஷெல்ஃப் ஜோடி, 10 அங்குல சப்வூஃபர் (அடி ஒலிக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) ஒன்று. அடுத்து உயரத்தில் நான்கு ஸ்பீக்கரும் இன்னொரு சப்பும் சேர்க்க எண்ணம்.

தெரிய வேண்டியவை: 105 வாட் போதுமா, தனி பவர் ஆம்ப் வேண்டுமா? ஆடிசி (மைக்கால் அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும், உடன் வரும் மென்பொருள்) போதுமா, காசு கட்டி டிராக் (அதே வேலைக்கு இன்னொன்று) போட வேண்டுமா? வசனம் தெளிவாகக் கேட்குமா (இப்போதைய ரிசீவரில் இதுதான் பெரிய தலைவலி)? ரொம்பச் சூடாகுமா? கேம் கன்சோல் 4கே 120-ல் (விநாடிக்கு 120 படம்) ஒழுங்காகப் போகுமா?

டெசிபல்தாசன்

வாட் பயத்தை முதலில் விடுங்கள். இந்த 105 வாட், 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல் மட்டும் ஓடும்போது 0.05 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது. நேர்மையான எண். வேறு சில பெட்டிகளில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சானல், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்று அளந்து பெரிய எண்ணை அச்சடித்திருப்பார்கள். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

உங்கள் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போடுவோம். 1 மீட்டரில் 88 டெசிபல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9.5 குறையும், அறைச் சுவர்கள் 2-3 டெசிபலைத் திருப்பித் தரும். ஆக ஏறக்குறைய 1 வாட்டில் காதுக்கு 81 டெசிபல். தியேட்டர் ரெஃபரன்ஸ் அளவில், அதாவது வால்யூம் 0 டெசிபலில், ஒரு சானலின் உச்சம் 105. அதற்கு 250 முதல் 330 வாட் வேண்டும். ஆனால் இந்த அளவு அறையில் 0-வில் வைத்துப் படம் பார்ப்பவர் அரிது. வால்யூம் -10-ல் இருந்தால் உச்சம் 95, அதற்கு 25 முதல் 35 வாட் போதும். -15-க்கு இறக்கினால் பத்துப் பன்னிரண்டு வாட்டில் வேலை முடிந்தது. இதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சுமையை சப் தன் சொந்த ஆம்பில் தூக்கிக்கொள்கிறது. 100 வாட்டிலிருந்து 200-க்குப் போனாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், அதையும் மறக்க வேண்டாம்.

அதனால் 5.1.4 (காது மட்டத்தில் 5 ஸ்பீக்கர், 1 சப், உயரத்தில் 4) வரைக்கும் தனி ஆம்ப் தேவையில்லை. உள்ளே 9 சானல் ஆம்ப் இருக்கிறது, கணக்குச் சரியாகப் பொருந்தும். ப்ராசஸிங் 11 சானல் வரை செய்யும் என்பதால், பிறகு 7.1.4-க்குப் போனால் மட்டும் இரண்டு சானல் பவர் ஆம்ப் ஒன்று வாங்கி ப்ரீ-அவுட்டில் (வெளி ஆம்புக்கான சிக்னல் ஓட்டை) சொருகுங்கள். அப்போது முன் டவர்களை வெளி ஆம்புக்குக் கொடுப்பதுதான் முறை.

இந்த ரிசீவரின் அருமை வாட்டில் இல்லை. நான்கு சப் அவுட்டும் தனித்தனியாக இயங்குவதில்தான் இருக்கிறது. கீழ்மட்ட மாடல் பலவற்றில் பின்னால் இரண்டு சப் ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டிலும் ஒரே சிக்னல், ஒய் கேபிள் போட்டதற்குச் சமம். இதில் ஒவ்வொரு சப்புக்கும் தூரமும் லெவலும் தனியாக அமையும். இரண்டாவது சப் நிச்சயம் வரும் என்றால் வாங்குங்கள். 5.1.2-உம் ஒரு சப்பும் போதும் என்று நின்றுவிடுவீர்களானால் 2800 மாடலே தாராளம், மிச்சத்தை நல்ல சப்பில் போடுங்கள்.

மைக்_ஸ்டாண்டு

ஆடிசி, டிராக் பற்றி. இதில் இருப்பது மல்ட்இக்யூ எக்ஸ்டி32, ஆடிசியின் மேல் ரகம். இதைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் மைக்கை சோஃபா முதுகில் சாய்த்து வைத்து அளந்தவர்கள்.

அளக்கும் முன் சப்பைத் தயார் செய்யுங்கள். சப்பின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் (சப்புக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் ஒலி பிரியும் அலைவரிசை) குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள், எல்எஃப்இ (படத்தின் தனி அடி ஒலிச் சானல்) என்ற நிலை இருந்தால் அதில் விடுங்கள். ஃபேஸ் 0. ஆட்டோ ஸ்டான்ட்பையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி அளவீட்டில் சப் தூங்கிவிடும், ரிசீவர் சப்பே இல்லை என்று சொல்லும். அளவீட்டின் தொடக்கத்தில் சப் லெவல் திரையில் வரும், இலக்கு 75 டெசிபல். குமிழைத் திருப்பி 77-78 அருகே நிறுத்துங்கள். முடிவில் சப் ட்ரிம் (ரிசீவர் தானே கூட்டிக் குறைக்கும் லெவல்) மைனஸ் பக்கம் வந்தால் நல்லது. -12 என்று காட்டினால் ரிசீவர் குறைக்கக்கூடிய எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். சப் குமிழைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும்.

மைக்குக்கு கேமரா ட்ரைபாட் போதும். முனை கூரையைப் பார்க்க, காது உயரத்தில், இருக்கை முதுகிலிருந்து குறைந்தது 30 செ.மீ. விலகி நிற்க வேண்டும். முதல் இடம் நடு இருக்கையில் தலை இருக்கும் இடம்தான். தூரமும் லெவலும் அந்த ஓர் இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. மற்ற ஏழு இடங்களை அதைச் சுற்றி 60 செ.மீ. வட்டத்துக்குள் முடியுங்கள். சோஃபாவின் இரண்டு கோடிக்கும் சுவரோரத்துக்கும் மைக்கைக் கொண்டுபோனால் சராசரி கெட்டு ஒலி மந்தமாகும். ஏசி, மின்விசிறி எல்லாம் ஆஃப். ஆள் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கக் கூடாது.

முடிந்ததும் பார்க்க வேண்டியவை. டவரை "லார்ஜ்" என்று எழுதியிருந்தால் "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் கொடுங்கள். கிராஸ்ஓவரை அளந்து வந்ததைவிட ஏற்றலாம், இறக்கக் கூடாது: அதற்குக் கீழே திருத்தம் செய்யப்படவில்லை. சென்டருக்கு 110 வந்தால் 110-லேயே விடுங்கள். எல்எஃப்இ லோ-பாஸ் 120. சப் மோடு "ஸ்டாண்டர்ட்".

சப்பின் தூரம் டேப் அளவைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் திருத்தப் போகாதீர்கள். சப்புக்குள் இருக்கும் டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிடும் சிப்) தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தூரம் வருகிறது. மற்ற ஸ்பீக்கர்களின் தூரம் மட்டும் டேப்போடு ஒத்துப்போக வேண்டும், 30 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் மறுபடி அளக்கவும். "ஃபேஸ்" எச்சரிக்கை வந்தால் சிவப்பு-கருப்பு முனைகளைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் "இக்னோர்" கொடுத்துப் போய்விடலாம், சில ஸ்பீக்கர்களின் உள்வடிவமைப்பே அப்படித்தான்.

வசனப் பிரச்சினைக்கும் இங்கேதான் பாதி மருந்து. ஆடிசி வழக்கமாக 2 கிலோஹெர்ட்ஸ் அருகே வேண்டுமென்றே ஒரு பள்ளம் போடும், பெயர் மிட்ரேஞ்ச் காம்பன்சேஷன். பேச்சின் தெளிவு குடியிருக்கும் பகுதி அது. ரிசீவர் மெனுவில் அணைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் மல்ட்இக்யூ எடிட்டர் ஆப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக அணைக்கலாம். அதே ஆப்பில் திருத்தத்தை 300 அல்லது 500 ஹெர்ட்ஸோடு நிறுத்தலாம். நல்ல ஸ்பீக்கர் என்றால் அதற்கு மேல் கை வைக்காமல் விடுவதே என் சிபாரிசு. ஆப் மூலம் செய்த திருத்தத்தை ஆப் கோப்பில்தான் மாற்ற முடியும், கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ரிசீவர் மெனுவிலிருந்து நேரடியாக அளந்தால் எல்லாம் அழிந்து புதிதாக எழுதப்படும்.

டைனமிக் இக்யூ (வால்யூம் குறையும்போது அடி ஒலியை ஏற்றும் ஆடிசி வசதி): படத்துக்கு ஆன், ரெஃபரன்ஸ் ஆஃப்செட் (அந்த ஏற்றத்தைக் குறைக்கும் எண்) 0 அல்லது 5. டிவி நிகழ்ச்சிக்கும் பாட்டுக்கும் 10 அல்லது 15. குறைந்த வால்யூமில் அது சரவுண்டையும் ஏற்றும், பின்னாலிருந்து இரைச்சல் அதிகம் என்று தோன்றினால் சரவுண்ட் லெவலை 2 டெசிபல் இறக்கவும்.

ஓம்_விதி

மைக்_ஸ்டாண்டு சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மறுப்பு. டைனமிக் இக்யூ எனக்கு வேண்டாத சங்கதி. ஆஃப் செய்துவிட்டு சப் ட்ரிம்மை 3 முதல் 5 டெசிபல் ஏற்றுங்கள், சரவுண்ட் தொல்லையே இல்லாமல் அதே நிறைவு கிடைக்கும். டிராக் போட்டால் எப்படியும் இந்த வசதி இருக்காது, ஆடிசியின் எதுவும் டிராக்கோடு சேர்ந்து ஓடாது.

டிராக் யாருக்கு? யுஎஸ்பி அளவீட்டு மைக்கும் கணினியும் வைத்து, டார்கெட் கர்வை (எந்த அலைவரிசை எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கோட்டை) இழுத்து இழுத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு. ரிசீவரில் மூன்று ஃபில்டர் இடம் உண்டு, படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று வைத்து மாற்றி மாற்றிக் கேட்கலாம். லைசென்ஸ் இரண்டு விதம்: 500 ஹெர்ட்ஸ் வரை திருத்துவது, முழு அலைவரிசையும் திருத்துவது. பல சப்களைச் சேர்த்து ஒழுங்கு செய்யும் பாஸ் கன்ட்ரோல் தனி. இரண்டாவது சப் வரும்வரை இதில் காசு போடாதீர்கள். முதலில் எக்ஸ்டி32-ஐ ஒழுங்காக அளந்து கேளுங்கள்.

எந்த மென்பொருளும் சரிசெய்யாத ஒன்று உங்கள் அறையிலேயே இருக்கிறது. 4.5 மீட்டர் நீளத்துக்கு முதல் ரூம் மோட் (சுவர்களுக்கிடையே ஒலி மோதி மேடும் குழியும் விழும் அலைவரிசை) 38 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 48, உயரத்துக்கு 59. நீளத்தின் இரண்டாவது மோட் 76 ஹெர்ட்ஸ், அது முன்சுவரிலிருந்து 3.4 மீட்டரில் குழி விழும். நீங்கள் 3.1-ல் இருக்கிறீர்கள். இடவசதிக்காக சோஃபாவை 30 செ.மீ. பின்னால் தள்ளினால் நேராக அந்தக் குழிக்குள் போய் உட்காருவீர்கள், அதுவும் கிராஸ்ஓவர் அலைவரிசையிலேயே. "டவர் நன்றாக இருக்கிறது, சப் நன்றாக இருக்கிறது, நடுவில் அடி இல்லை" என்று வரும் புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேட்டை இக்யூ (ஒலித் திருத்தம்) வெட்டும், குழியை நிரப்பாது. நிரப்பப் பார்த்தால் ஆம்பும் சப் கோனும்தான் திணறும்.

இரண்டு சப் வந்ததும் முன் மூலைகளில் ஒன்றாக அடுக்காதீர்கள். இடது, வலது பக்கச் சுவர்களின் நடுவில் எதிரெதிராக வைத்தால் 48 ஹெர்ட்ஸ் அகல மோட் தானே அடங்கும். வழியில் இடறும் என்றால் முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் வைத்துப் பாருங்கள்.

மொட்டைமாடி

அருமை, 76 ஹெர்ட்ஸ் விஷயம் தெரியாமலேயே சோஃபாவைத் தள்ளத் திட்டம் போட்டிருந்தேன். உயர ஸ்பீக்கர் நான்கையும் கூரையில் எங்கே வைப்பது? பின்னால் இடம் குறைவாக இருக்கிறதே. சென்டரைத் தட்டிலிருந்து எடுக்கவும் வழியில்லை.

டெசிபல்தாசன்

உட்கார்ந்தால் காது சுமார் 1 மீட்டர் உயரம். கூரைக்கு மிச்சம் 1.9. முன் ஜோடிக்கு 45 டிகிரி வேண்டுமானால் இருக்கைக்கு 1.9 மீட்டர் முன்னால் வையுங்கள், டால்பி சொல்லும் 30 முதல் 55 டிகிரிக்குள் அழகாக விழும். பின்னால் உங்களுக்கு இருப்பதே 1.4 மீட்டர். சுவரோடு ஒட்டிக் கூரையில் வைத்தாலும் கோணம் (முன்னாலிருந்து அளந்தால்) 126 டிகிரி, வரம்பு 125-லிருந்து 150. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளினால் வரம்பைத் தாண்டித் தலைக்கு மேலே வந்துவிடும். எனவே பின் ஜோடியைக் கூரையை விட்டு, பின்சுவரில் 2.6 மீட்டர் உயரத்தில் மாட்டி, இருக்கையைப் பார்க்கச் சாயுங்கள். கோணம் 131 வரும். ரிசீவரின் ஆம்ப் அசைன் மெனுவில் அதற்கு "ரியர் ஹைட்" என்று கொடுக்க வேண்டும், "டாப் ரியர்" அல்ல.

இரு ஜோடியையும் இருக்கைக்கு இருபுறம் டவர் அகலத்தோடு நேர்கோட்டில் வையுங்கள். சரவுண்ட் ஸ்பீக்கர் காது உயரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதையும் உயரத் தூக்கி மாட்டிவிட்டால் மேலே எது, பக்கத்தில் எது என்று காதுக்கு வித்தியாசம் தெரியாது, நான்கு உயர ஸ்பீக்கர் போட்ட செலவு வீண்.

சென்டர் தட்டுக்குள்தான் என்றால் அதன் முகம் தட்டின் விளிம்போடு சமமாக, அல்லது ஒரு விரல்கடை வெளியே இருக்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் கீழ்ப்பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி குரலை அடைத்துவிடும். அடியில் ரப்பர் கட்டை வைத்து முகத்தைக் காதைப் பார்க்கத் தூக்குங்கள். பின்னாலும் பக்கத்திலும் உள்ள காலி இடத்தில் பஞ்சு அல்லது ஃபோம் அடைத்தால் பெட்டிக்குள் பேசுவது போன்ற ஒலி குறையும். ஸ்பீக்கரின் போர்ட் பின்னால் இருந்தால் அதன் வாயை மட்டும் மூடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகு சென்டர் லெவலை 1.5 முதல் 2 டெசிபல் ஏற்றலாம். 4, 5 என்று ஏற்ற வேண்டியிருந்தால் வேறெங்கோ கோளாறு. முதலில் சவுண்ட் மோடைப் பாருங்கள்: "மல்டி சானல் ஸ்டீரியோ"வில் நின்றிருந்தால் வசனம் எல்லா ஸ்பீக்கரிலும் சிதறும். அடுத்து ஸ்ட்ரீமிங் பெட்டி ஸ்டீரியோவில் அனுப்புகிறதா என்று பாருங்கள். ரிசீவரின் தகவல் திரையில் உள்ளே வரும் சிக்னல் என்ன என்று எழுதியிருக்கும், அதை நம்புங்கள்.

கேபிள்_சாமி

ஹெச்டிஎம்ஐ என் பங்கு.

ஆறு இன்புட்டும் 40 கிகாபிட், எதில் சொருகினாலும் 4கே 120 போகும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சொருகினால் வராது. வீடியோ மெனுவில் 4கே/8கே சிக்னல் ஃபார்மட்டை "8கே என்ஹான்ஸ்டு" ஆக்க வேண்டும், டிவியிலும் அந்தப் போர்ட்டுக்குரிய என்ஹான்ஸ்டு செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் கன்சோல் 60-உடன் நின்றுவிடும். இரண்டும் சரி, ஆனாலும் திரை விட்டு விட்டுக் கறுப்பாகிறது என்றால் கேபிள்தான். "அல்ட்ரா ஹை ஸ்பீடு" சான்று ஸ்டிக்கர் உள்ளதாக, 3 மீட்டருக்குள் வாங்குங்கள். டிவி எட்டத்தில் இருந்தால் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ. அதற்குத் திசை உண்டு, சோர்ஸ் முனை, டிஸ்ப்ளே முனை என்று எழுதியிருக்கும். சுவருக்குள் விடும் முன் தரையில் போட்டு ஒரு படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஈஆர்க் (டிவி ஒலி அதே ஹெச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திரும்பும் வழி; ஆர்க் அதன் பழைய வடிவம்) ஒலியும் திரும்பி வருகிறதா என்று சேர்த்து.

டிவி ஆப்களின் ஒலி ஈஆர்க் வழியே வரும். டிவியில் டிஜிட்டல் அவுட்புட்டை "பாஸ்-த்ரூ" அல்லது "ஆட்டோ"வில் வையுங்கள். "பிசிஎம்" என்று இருந்தால், குறிப்பாகப் பழைய ஆர்க் டிவியில், ஸ்டீரியோதான் வரும், அட்மாஸ் (உயர ஸ்பீக்கர்களையும் பயன்படுத்தும் டால்பி ஒலி) விளக்கு எரியாது. ஆப்கள் தரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்பதால் சாதா ஆர்க்கிலும் வந்துவிடும். டிஸ்க்கில் வரும் ட்ரூஹெச்டிக்குத்தான் ஈஆர்க் கட்டாயம். ப்ளூ-ரே பிளேயரை எப்படியும் நேராக ரிசீவரில் சொருகுவதே நல்லது, சில டிவிகள் டிடிஎஸ் வகை ஒலியை வாங்கி ரிசீவருக்குக் கடத்துவதே இல்லை. பிளேயரில் ஆடியோ "பிட்ஸ்ட்ரீம்", "செகண்டரி ஆடியோ" ஆஃப். அது ஆனில் இருந்தால் பிளேயர் மெனு ஒலியைக் கலப்பதற்காக அட்மாஸை உடைத்துச் சாதாரண ஒலியாக அனுப்பும். "டிஸ்க் போட்டால் அட்மாஸ் வரவில்லை" என்று வரும் கேள்விகளுக்கெல்லாம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

படம், ஒலி எதுவும் வராமல் முறைத்தால்: எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள், ஐந்து நிமிடம் பொறுத்து டிவி, பிறகு ரிசீவர், கடைசியில் சோர்ஸ் என்ற வரிசையில் போடுங்கள். தானாக இன்புட் மாறி மாறி ஓடினால் அது சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியே ஒரு பெட்டி இன்னொன்றை இயக்குவது) குழப்பம். ஒவ்வொரு பெட்டியாக சிஇசியை அணைத்துப் பாருங்கள். ரிசீவரிலும் டிவியிலும் கடைசியில் தொடுங்கள், பல டிவிகளில் அதை அணைத்தால் ஆர்க் ஒலியும் போய்விடும்.

ஓம்_விதி

சூடு பற்றி யாரும் சொல்லவில்லை. சூடாகும், அது ஏபி வகை ஆம்பின் குணம். பெட்டி 12.5 கிலோ, ஆழம் 389 மி.மீ. பின்னால் ஹெச்டிஎம்ஐ வளைய 5-6 செ.மீ. சேர்த்தால் தட்டு 45 செ.மீ. ஆழமாவது வேண்டும். மேலே குறைந்தது 10 செ.மீ. காலி விடுங்கள். ப்ளூ-ரே பிளேயரை ரிசீவர் தலையில் ஏற்றி வைக்காதீர்கள். மூடிய அலமாரி என்றால் பின்பலகையில் மேல்பக்கம் 120 மி.மீ. ஃபேன் ஒன்று, காற்றை வெளியே தள்ளும்படி. யுஎஸ்பி 5 வோல்ட்டில் ஓடினால் சத்தமும் இராது. அணைத்த பிறகும் வெதுவெதுப்பாக இருந்தால் ஹெச்டிஎம்ஐ பாஸ்-த்ரூவும் நெட்வொர்க் ஸ்டான்ட்பையும் ஆனில் இருக்கும். வேண்டாவிட்டால் அணையுங்கள்.

6 ஓம் டவருக்காக இம்பீடன்ஸ் (ஓம்) செட்டிங்கை 6-க்கோ 4-க்கோ மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். அது ஆம்ப் தரும் வோல்டேஜை முன்கூட்டியே கட்டிப்போடுகிறது, உங்களுக்குக் கிடைப்பது சக்தி இழப்பு மட்டுமே. 8-லேயே இருக்கட்டும்.

திடீரென அணைந்து முன் விளக்கு சிவப்பாக மின்னினால் வேகத்தைக் கவனியுங்கள். 2 விநாடிக்கு ஒருமுறை என்றால் வெப்பம்: அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, காற்றோட்டத்தைச் சரி செய்யுங்கள். அரை விநாடிக்கு ஒருமுறை என்றால் ஸ்பீக்கர் வயர் ஷார்ட். பெரும்பாலும் டெர்மினலில் ஒரே ஒரு செம்பு இழை நழுவிப் பக்கத்து முனையைத் தொட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றி, வெறும் ரிசீவரை ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் ஒவ்வொரு ஜோடியாக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, திரும்ப மாட்டுங்கள். எந்த ஜோடியில் அணைகிறதோ அந்த வயரின் இரண்டு முனையும் பாருங்கள். வயரே இல்லாமலும் அணைந்தால் உள்ளே அவுட்புட் பகுதியில் கோளாறு, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

மைக்_ஸ்டாண்டு

வயர் பேச்சு வந்ததால்: 6 ஓமுக்கு 16 கேஜ் (எண் குறைந்தால் வயர் தடிமன்) செம்பு 10 மீட்டர் வரை போதும். பின்சுவர் ரியர் ஹைட்டுக்குச் சுற்றி வரும் நீளம் அதைத் தாண்டும், அங்கே 14 கேஜ் போடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் மின்தடை ஒன்றரை மடங்கு, வளைத்தால் இழையும் ஒடியும். பனானா பிளக் போட்டால் ஓம்_விதி சொன்ன இழை நழுவல் பாதிக்கு மேல் தீர்ந்தது.

இன்னொன்று. எல்லாம் செட் செய்து முடித்ததும் ஜெனரல் மெனுவில் "சேவ் அண்ட் லோடு" மூலம் செட்டிங் முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். உயர ஸ்பீக்கர்களையும் இரண்டாவது சப்பையும் சேர்க்கும் நாளில் அந்த நகல் பழைய நிலைக்குத் திரும்பத்தான் உதவும். புது ஸ்பீக்கருக்கு எட்டு இடமும் மறுபடி அளந்தே ஆக வேண்டும்.